சியாரத்தடி வீடு

நெய்னா முகம்மதுவை வாடகைக் காரில் பதுளைக்குத் திருப்பிக் கொண்டுவந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஸலீமின் உத்தரவு அது. தகப்பனாரை நேரே கிணற்றடிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், தேய்த்துக் குளிப்பாட்டாமல் வாசற்படி ஏற்றக்கூடாது, உடுத்தியிருப்பதை அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்று மனைவி லரீபாவிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் காரில் ஏறிப் போயிருந்தான்.

குசினி ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைச் சிப்பந்திகள் இருவர் கிழவரைத் துவைகல்லில் உட்காரவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். ஸலீம் மூக்கில் லேஞ்சித் துணியைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று, முதுகைத் தேய், அக்குளைத் தேய் என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தான். மாட்டைக் கழுவுகிறவன்கூட அதன் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொள்வான். இவன் ஒரு தடவைகூடத் தகப்பனைத் தொடவில்லை. கிழவர் மட்டும், தண்ணீர் நல்ல பதமான சூடு என்று சிப்பந்திகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். லரீபா ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

நெய்னா முகம்மது தொண்டிப் பக்கத்திலிருந்து வாலிபத்தில் கடல் தாண்டி வந்தவர். தோளில் புடவை மூட்டையைச் சுமந்து பசறை, பண்டாரவளை, ஊவாவின் தோட்டமெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி விற்று, பிறகு பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை போட்டார். பெஞ்சாதி மவுத்தாகி அடக்கமான பின் கடை மகன் கைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் கரைச்சல் தொடங்கியது. தீபாவளிக்குச் சேலை எடுக்க வரும் தோட்டத்துப் பெண்களுக்கு ஸலீம், மழையில் பூஞ்சணம் பிடித்த கட்டுகளைக் கஞ்சி போட்டு மடித்து எடுத்து நீட்டுவான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர், இது ஒரு துவைப்புக்குத் தாங்காது ஆயி, அந்த மேல்தட்டில் உள்ளதைக் கேளு என்பார். கோபத்தில் சொல்வதில்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொல்வார்.

ஸலீம் அவரைக் கடைக்கு வர வேண்டாம் என்றான். வீட்டில் இருந்தார். வீட்டிலும், தன் பங்குச் சோற்றில் பாதியைப் பின்வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தார். அதற்கும் சத்தம் வந்தது. ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் போனவர் பள்ளியிலிருந்து அப்படியே நடந்துவிட்டார். பெரகலவிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகிற ரோட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே, எந்தக் காலத்திலோ அடங்கிய ஒரு பெரியவரின் சியாரம் உண்டு. பச்சைச் சுண்ணாம்பு பூசிய கபுறு மேடு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மண் அறை. அங்கே போய்ச் சருகு கூட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

யாரும் தேடிப் போகவில்லை. கேட்டவர்களிடம் ஸலீம், வாப்பா ஊருக்குப் போய்விட்டார்கள் என்றான். ஊர் என்றால் தொண்டி என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் ஒவ்வொரு முறையும் லரீபா உள்ளே எழுந்து போய்விடுவாள். அவள் வெலிமடைப் பக்கத்துப் பெண். பிள்ளை இல்லாததால் அந்த வீட்டில் அவளுடைய குரலுக்கு எடை குறைவு. அவள் கொண்டுவந்த தையல் மிஷின்தான் அவளுக்குச் சொந்தமென்று அங்கே இருந்த ஒரே சாமான்.

கொஸ்லந்தை ரோட்டில் லொறி ஓட்டுகிறவர்கள் நெய்னா பாவா, நெய்னா பாவா என்று பேச ஆரம்பித்தார்கள். சியாரத்தடியில் லொறியை நிறுத்தி ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் நம்பினார்கள். பதுளையில் பெரிய வியாபாரி ஒருவர் அங்கே போய்வந்து, உங்கள் வாப்பாவாமே, எங்களுக்குச் சொல்லவேயில்லையே என்று ஸலீமின் கையைப் பிடித்து முத்தமிட்டார். அன்று சோறு தின்னும்போது ஸலீமின் முகத்தில் முதலில் வெட்கம் இருந்தது. சோற்றுச் சகனைக் கழுவி வைப்பதற்குள் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த வருஷம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தலைவர் தெரிவாக வேண்டியிருந்தது.

கார் திரும்பிவந்த அன்று, குளிப்பாட்டி முடித்ததும் கிழவரைக் கடையை ஒட்டிய முன்னறையில், பட்டுவிரிப்புப் போட்ட கட்டிலில் உட்காரவைத்தார்கள். வாசலுக்குப் பச்சைத் திரை. சாம்பிராணி. ஸலீம் ஒரு குப்பி அத்தரை அவருடைய தாடியிலும் மார்பிலும் தடவிவிட்டான். தெருவிலிருந்து அந்த அறைக்குத் தனி வாசல் இருந்தும் அதை அடைத்துவிட்டு, கடைக்குள் நுழைந்துதான் பாவாவிடம் போக முடியும் என்று ஆக்கினான். பாவாவைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையாகப் போவது அழகில்லை என்று சிப்பந்திகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பச்சைத் துணி வாங்கி அவர் காலடியில் வைத்து ஸலாம் சொன்னார்கள். வியாழக்கிழமைகளில் துணி மடிமடியாகக் குவியும். அஸர் தொழுகைக்குப் பிறகு அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து குசினித் தரையில் போடுவார்கள். லரீபா உதறி, பெட்டிபோட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும். மறுநாள் காலை அது கடைத்தட்டுக்குப் போகும். ஒரே துணி பாவாவின் காலுக்கு எத்தனை தடவை வந்து போனது என்று துணிக்குத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவள் உதறிய துணியில் ஒரு குழந்தை வாயெடுத்த கறை இருந்தது. ஸலீம் குனிந்து பார்த்து, கசக்கிக் காயவை, போய்விடும் என்றான். அவன் குரலில் எந்தக் கூச்சமும் இல்லை. அவளுக்கு அந்தக் கறையைத் தொடுவதில் ஒன்றுமில்லை. சொன்னவனுடைய கை தொட்ட தண்ணீரைக் குடிக்கத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து அவனுடைய கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தாள். அவனும் அதைத் தனக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

கிழவரின் இடதுகால் விரல்களில் ஒரு புண் இருந்தது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து வந்தது என்றார். சீனி வியாதிக்காரர். சியாரத்தடியில் இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பதுளையில் அதைக் கவனிக்க லரீபாதான். கட்டை அவிழ்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகக் கசியும். முதல்நாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பிறகு பழகிவிட்டது. சீழின் நாற்றத்துக்கு மேல் ஸலீம் ஊற்றுகிற அத்தரின் நாற்றம்தான் பழகவில்லை. இரண்டும் கலந்து அறையின் சுவரிலும் தலையணையிலும் அவளுடைய முந்தானையிலும் ஏறிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அவள் சொன்னாள். பாவாவை ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவைத்தால் சனங்கள் என்ன நினைக்கும், தெரிவு முடியட்டும் என்றான் ஸலீம். கிழவரிடமே கேட்டாள்.

“ஒங்களுக்கு நோகலயா மாமா?”

“நோகுது புள்ள. கால் இருந்தா நோகத்தானே செய்யும்” என்று அவர் சிரித்தார். சோறு கொண்டுவந்தால் இன்றைக்கு நல்ல மணம் என்பார். கொண்டுவர மறந்தால் கேட்பதில்லை. பச்சைத் துணி வைக்கிறவர்களிடம், உங்களுக்கு வீட்டில் போர்வை இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பார். இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அவர்கள் போவார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்துக்காரிகளின் சாக்குக் கொங்காணியை நனைந்த தலைமேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் பின்வாசலில் வந்து நின்றாள். பெரியாயி என்று பேர் சொன்னாள். சியாரத்தை ஒட்டிய லயத்துக்காரி. கிழவருக்கு இத்தனை காலமும் ரொட்டியும் சாயத்தண்ணியும் கொடுத்தவள். கடைப்பக்கமாக வந்தவளைத் துணி வாங்காமல் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

லரீபா அவளைக் குசினி வழியாக அழைத்துப்போனாள். பெரியாயி கிழவரின் காலைப் பார்த்தாள், பிறகு பட்டுவிரிப்பைப் பார்த்தாள். ரொட்டியை அவர் கையில் வைத்து, அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, குசினிக்கு வந்து அடுப்படியில் குந்திக்கொண்டாள்.

“நாச்சியா, எங்க தோட்டத்துல மாடு செத்தாக்கூட நாறுறதுக்கு முந்தி பொதைச்சுருவோம். இவரு உசுரோட நாறிக்கிட்டு இருக்காரு. ஒங்களுக்கெல்லாம் மூக்கு இல்லீங்களா?”

லரீபாவுக்கு முகம் சுண்டிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பெரியாயி குடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுத் தோட்டமெல்லாம் காத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. விசாரணைக்குப் போன இடத்தில் உன் ஊர் எது என்று கேட்டார்களாம். இந்தத் தோட்டம் என்றிருக்கிறாள். அது தோட்டம், ஊர் எது என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். அவளுடைய தாய் பிறந்ததும் அந்த லயத்தில்தான். வேறு பேர் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்து பாவாவிடம் கேட்டாளாம், நான் எந்த ஊர்க்காரி என்று. அவர், நேற்று நீ எங்கே தூங்கினாய் என்று கேட்டுவிட்டுச் சருகு கூட்டப் போய்விட்டாராம்.

“அத வச்சு என்னத்தப் பண்றது? ஆபீஸ்ல போயி அதச் சொல்ல முடியுங்களா?” என்று பெரியாயி அலுத்துக்கொண்டாள். “ஆனா நல்ல மனுசன். எங்களோட சேந்து கருவாட்டுச் சாறு குடிச்ச மனுசன். இங்க வச்சுக் கொன்னுராதீங்க.”

அந்த வாரம் ஸலீம் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போனான். அவன் ரயிலேறிய காலையிலேயே லரீபா கார் பிடித்து வரச் சொல்லி, சிப்பந்திகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலை குனிந்துகொண்டாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். வார்டில் டெட்டோல் மணத்தது. லரீபா கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து அந்த மணத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

ஸலீம் திரும்பி வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். வெறிச்சோடிய முன்னறையின் திரையை இழுத்து மூடிவிட்டு, பாவா நாற்பது நாள் தனிமையில் திக்ரு செய்கிறார், யாரையும் பார்க்க மாட்டார், துணியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லச் சொன்னான். வந்தவர்கள் காலியான கட்டிலுக்கு நேரே, மூடிய திரைக்கு இப்பால் நின்று கண்ணீர் விட்டார்கள். சாயங்காலம் துணி குசினிக்கு வந்தது. லரீபா அதைத் தொடாமல் தாண்டிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தகப்பனாரை ஆஸ்பத்திரியிலிருந்து மூடிய காரில் பள்ளிக்குக் கொண்டுவந்து, தனிமை முடிந்தது என்று சொல்லி, நாலு பெரிய மனிதர்களோடு ஊர்வலமாக அழைத்துவருவது என்று ஸலீம் ஏற்பாடு செய்திருந்தான். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமையே துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். லரீபா அவரைக் கைத்தாங்கலாக பஸ்ஸுக்குக் கொண்டுவந்து, பண்டாரவளைக்கும் அங்கிருந்து ஹப்புத்தளை வழியாகப் பெரகலவுக்கும் ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் சியாரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் அவர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, மழை விட்ட மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கே போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரகலவுக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளும். சியாரத்தின் முன்னால் நின்றால் மலை அறுந்து விழுந்து, கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி நீலப்புகையாகக் கிடப்பது தெரியும். மண் அறையில் ஒரு பாய், ஒரு பானை, ஒரு குப்பி விளக்கு. லொறிக்காரன் ஒருவன் மூலம் லரீபா சொல்லியனுப்பியதைக் கேட்டு, பெரியாயி தரையை மெழுகிவைத்திருந்தாள். லரீபா அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள். மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்துச் சம்பல் அரைத்தாள். கிழவரும் அவளும் பெரியாயியும் உட்கார்ந்து குடித்தார்கள். அப்போதுதான் அவள் கவனித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு தன் சாப்பாட்டின் ருசி தனக்குத் தெரிந்தது.

கிழவரின் கால் ஆறிவந்தது. தடியூன்றி நடந்தார். லயத்துப் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது சட்டைத்துணி கொண்டுவந்து தைத்துத் தரச் சொன்னார்கள். லரீபா கைத்தையலாகவே தைத்துக் கொடுத்தாள். அவர்கள் மரக்கறி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். மாமனாரை இந்த இடத்தில் சேர்த்துவிட்டேன், என் கடமை முடிந்தது, இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று அவளுக்கு மனம் சமாதானப்பட்டிருந்தது.

அப்படி இருந்த ஒரு மத்தியானம் ஸலீமின் கார் வந்து நின்றது. வெள்ளைச் சாரமும் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக இறங்கினான். கூடப் பள்ளிவாசல் பெரிய மனிதர்கள் இருவர். அவர்கள் பார்க்கும்படி அவன் தகப்பனின் காலடியில், தேயிலைச் சருகின் மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையாகவே கண்ணீர் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க லரீபாவுக்குக் கையெல்லாம் கூசியது. வாப்பா இல்லாமல் வீடு இருண்டு கிடக்கிறது என்றான். வாங்க வாப்பா என்றான்.

“போவோமே” என்றார் கிழவர். தடியை எடுத்தார்.

லரீபா முதலில் அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தாள். அவர் அறைக்குள் போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டபோதுதான் பின்னாலேயே போய் வாசலை மறித்தாள். வெளியே மூவரும் காத்திருந்தார்கள். அவள் சத்தத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“அங்க ஒங்களுக்கு இரிக்க ஏலாதுன்னுதானே மாமா நான் இம்புட்டும் செஞ்ச?”

“அங்கயும் நல்லாத்தான் இருந்தேன் புள்ள. கட்டில்ல படுத்தாலும் இந்தப் பாயில படுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஒனக்குத்தான் அங்க இருக்க முடியல. அத நீ என் பேர்ல சொல்லிக்கிட்டு என்னயும் தூக்கிட்டு வந்துட்ட.”

அவளுக்கு அறைபட்டதுபோல் இருந்தது. இத்தனை நாள் ஸலீமின் மேல் இருந்த அருவருப்பு திரும்பி இந்த மனிதரின் மேல் பாய்ந்தது.

“ஒங்கள எங்க வச்சாலும் நிம்மதியா இரிக்கிறீங்க. அந்த நிம்மதியத்தான் அவரு கடையில வச்சி விக்கிறாரு. அது ஒங்களுக்கு வெளங்கலயா? காலு அழுகினாலும் சிரிச்சிக்கிட்டு இருப்பீங்க. ஒங்க சிரிப்ப நம்பி, இல்லாதவளெல்லாம் துணி வாங்கிட்டு வாறா.”

கிழவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவர் முகம் சோர்ந்ததை அவள் பார்த்தாள். தடியின் முனையால் மெழுகிய தரையைக் கீறிக்கொண்டே நின்றார்.

“நீ சொல்றது சரியா இருக்கலாம்” என்றார் கடைசியில். “ஆனாலும் அவன் என் மவன் புள்ள. என்ன வச்சு யாவாரம் பண்ணினாலும் என் மவன்தான். வந்து கூப்புடுறான். கூப்புட்டா போகத்தான் எனக்குத் தெரியும்.”

அவள் விலகி வழிவிட்டாள். அவர் காரில் ஏறி உட்கார்ந்து, மெத்தை நன்றாக இருக்கிறது என்று டிரைவரிடம் சொன்னது கேட்டது. ஸலீம் திரும்பிவந்து, இவளும் ஏறத்தானே போகிறாள் என்ற மாதிரி, அங்கிருந்த சட்டிபானையை ஒரு பார்வை பார்த்தான்.

“ஏறு.”

“நான் வரல்ல.”

“இங்க என்ன இருக்கு ஒனக்கு?”

லரீபா யோசித்தாள். அவனுக்கு விளங்கும்படி சொல்ல அவளிடம் அதிகம் இல்லை.

“நாத்தம் இல்ல” என்றாள்.

பெரிய மனிதர்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கார் போய்விட்டது. பெரியாயி அன்று சாயங்காலம் வந்து, பாவா போய்விட்டாரே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். லரீபாவுக்கு அழுகை வந்தது. தன்னைப் பார்த்தும் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கிழவரை மீட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தன் உயிரைத்தான் மீட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அதை நேராகச் சொல்லத் தைரியமில்லாமல், வெட்டுப்பட்ட காலோடு ஒரு கிழவரைப் பஸ்ஸில் அலைத்திருக்கிறாள். அழுது முடித்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஸலீம் சாட்சிகள் வைத்துத் தலாக் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. அதோடு ஒரு லொறியில் அவளுடைய தையல் மிஷினும் வந்தது. கொடுக்க வேண்டியது என்று அனுப்பினானா, வீட்டில் அவள் வாடை இருக்கக்கூடாது என்று அனுப்பினானா தெரியாது. வெலிமடையிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டார். இருந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போனார். லரீபா லயத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் ரோட்டில் கேட்டால் எழுந்து தொழுவாள். நிற்கிற லொறிக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பிரேக்கைச் சரியாகப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள் என்று சொல்லியனுப்புவாள். ஸலீம் பள்ளிவாசல் தலைவரானான்.

மறு வருஷம் மழைக்காலத்தில் நெய்னா முகம்மது மவுத்தான செய்தியை ஒரு லொறிக்காரன்தான் கொண்டுவந்தான். பதுளைக்குப் போனாள். அதே முன்னறை, அதே கட்டில். கடைவாசலில் பச்சைத்துணிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். மையித்தின் மேல் ஊற்றிய அத்தர் தெருமுனைவரை வீசியது. எந்த இடத்தில் அடக்கினால் கந்தூரிக்குக் கூட்டம் நிற்க வசதி என்று உள்ளே ஸலீமும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்களோடு பெண்ணாக அவள் உள்ளே போய் முகத்தைப் பார்த்தாள். தூங்குகிறவர்போல் இருந்தார். இங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருக்காக ஒரு பாத்திஹா ஓதினாள். ஸலீமின் கண்ணில் படாமல் பின்வாசலால் வெளியே வந்தாள்.

கடைசி பஸ்ஸில் பெரகல தாண்டியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஆட்கள் குறைவு. ஹப்புத்தளையில் அவள் மாறி ஏறிய அந்தப் பஸ்ஸின் புதுக் கண்டக்டர், டிக்கட் புத்தகத்தை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“எங்க நாச்சியா?”

ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தவள், அரைத் தூக்கத்தில், “வீட்டுக்கு” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கி, இடத்தின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் முன்சீட்டில் இருந்த, அவளிடம் சட்டை தைத்துப் போட்டிருந்த ஒரு கொழுந்துக்காரி திரும்பி, சியாரத்தடி வளைவு என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள். அவன் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.